வெயில் வந்தது, கரண்ட் வரவில்லை

2023 டிசம்பர் 6, காலை பத்து மணி. மிக்ஜாம் புயல் முந்தைய நாள் மதியம் பாபட்லா பக்கம் கரையேறிப் போய்விட்டது. சென்னையில் நாங்கள் கீழ்வீட்டுத் தண்ணீரை வாளியால் வாரிக்கொண்டிருந்தபோது சூலூர்பேட்டையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். வாசலில் நின்ற காரில் போனைச் செருகி, சார்ஜ் ஏற ஏறப் பேசினாள்.

“மாடி பூரா பேனல் போட்டு வச்சிருக்கோம்டா. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. உங்க மாமா காலையிலேர்ந்து மாடிக்கும் இன்வெர்ட்டருக்குமா நடக்குறாரு. ஒரு லைட்டு எரியல. நம்மள ஏமாத்திட்டானுங்களா?”

“ஏமாத்தலக்கா. அது அப்படித்தான் வேலை செய்யும்.”

“வேலை செய்யலன்னு சொல்றேன், அப்படித்தான் வேலை செய்யும்ங்கிற. போடா.”

தெருமுனையில் வேப்பங்கிளை ஒன்று கம்பிமேல் விழுந்திருந்தது. ஊரில் அதுபோல் எத்தனையோ கிளைகள். லைன்மேன்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் தெருவுக்குக் கரண்ட் வர மறுநாள் மாலை ஆயிற்று. அந்த இரண்டு பகலும் ஆறு சூரியப் பலகைகள் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கீழே ஃப்ரிட்ஜில் இருந்த மாவு புளித்துப் பொங்கியது.

சென்னைவாசிகளுக்குச் சூலூர்பேட்டை என்பது புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தம். ஆந்திரத்துக் கணக்கில் அது 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டம், அன்றிலிருந்து திருப்பதி மாவட்டம். பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதியோடு நெல்லூரின் தென்கோடியையும் சேர்த்தார்கள். ஏழுமலையானின் மாவட்டத்துக்கு அப்படித்தான் ஒரு கடற்கரையும் புலிக்காட் ஏரியும் கிடைத்தன, கூடவே புயலும். மிச்சமிருக்கும் சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. கிழக்கே நகரி, மேற்கே பலமநேர், குப்பம் என்று ஏறிக்கொண்டே போகும் மேட்டு நிலம். புயல் அங்கே போய்ச் சேரும்போது காற்றின் வேகம் குறைந்துவிடும். மழை குறையாது. ஊறிய மண்ணில் மின்கம்பம் சாய்வதற்குப் பெரிய காற்று எதுவும் வேண்டியதில்லை.

குளிர்காலப் புயல் என்றால் அமெரிக்கர்களுக்குப் பனி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உறைபனியில் மின்சாரம் இழந்தன. பலகைமேல் படிந்த பனியை எப்படித் தள்ளுவது என்பது அவர்கள் கவலை. நம் கவலை ஐப்பசி, கார்த்திகை அடைமழை. குறிப்பாகக் கார்த்திகை. 2020இல் நிவர், 2021இல் திருப்பதியை மூழ்கடித்த நவம்பர் 18 மழை, 2022இல் மாண்டஸ், 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல். ஐந்தையும் காலண்டரில் பாருங்கள். ஐந்தும் கார்த்திகை மாதத்தில் வந்தவை.

இவற்றில் 2021தான் இந்தப் பகுதி மக்கள் இன்னும் பேசும் மழை. திருமலையின் மலைப்பாதைகள் மூடப்பட்டன. கபில தீர்த்தத்தில் அருவி மதம்பிடித்ததுபோல் கொட்டியது. சீகாளத்தியில் நாம் பொன்முகலி என்றும் அவர்கள் சுவர்ணமுகி என்றும் சொல்லும் ஆறு கரை கொள்ளாமல் ஓடியது. சித்தூர் நகருக்குள் நீவா நதி, பல ஆண்டுகளாகத் தன் இடத்தில் முளைத்திருந்த கட்டடங்களைத் தேடி வந்தது. மூன்று நாள் கழித்து ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு தெரிந்ததும் கீழுள்ள ஊர்களைக் காலி செய்தார்கள். பக்கத்துக் கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்தே போனது. அந்த இரவுகளில் “கரண்ட் போயிந்தி” என்று ஒரு வீட்டிலும் “கரண்ட் போச்சு” என்று பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கும். எல்லைப்புறத்தில் இரண்டு மொழிக்கும் கரண்ட் ஒன்றுதான்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பலகை இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஏன் விளக்கு எரியவில்லை?

நம் ஊர்க் கூரைகளில் இப்போது ஏறிக்கொண்டிருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு பிணைந்த அமைப்புகள். பலகை தருவது நேர்மின்சாரம். அதை வீட்டுக்கு உகந்த மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், கம்பியில் ஓடும் மின்சாரத்தின் தாளத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்து வாசிக்கும் பக்கவாத்தியம் போன்றது. பாட்டு நின்றால் அதுவும் நின்றுவிட வேண்டும். கம்பியில் மின்சாரம் போனதும் ஓரிரு விநாடியில் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்வது பழுது இல்லை, விதி. மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளே அதைக் கட்டாயமாக்குகின்றன.

காரணம் கம்பத்தின்மேல் இருக்கிறார். ஊரே இருண்டிருக்கும்போது ஒரு வீட்டு மாடி மட்டும் தெருக்கம்பிக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தால், செத்த கம்பி என்று நம்பித் தொடும் லைன்மேன் செத்துப்போவார். உங்கள் வீட்டின் 230 வோல்ட் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாகப் புகுந்தால் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. புயல் நாட்களில் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டையே எரியவைக்கும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் செய்வது கொலை முயற்சி. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆக, இன்வெர்ட்டர் அணைவது சரி. ஆனால், தெருவுக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் மட்டும் கொடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பல காலமாகவே இருக்கிறது. அதை நமக்கு யாரும் விற்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஜப்பானில் வீட்டுக்கூரைச் சூரிய இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் அவசரத்துக்கென்று தனியாக ஒரு சாக்கெட் இருக்கும். மின்சாரம் போனால் ஒரு சுவிட்சை மாற்றிப்போட வேண்டும். தெருக்கம்பியிலிருந்து முற்றிலும் துண்டித்துக்கொண்டு, வெயில் இருக்கும் நேரம் வரை அந்த ஒரு சாக்கெட்டில் 1,500 வாட் வரை கிடைக்கும். பேட்டரி வேண்டாம். மேகம் வந்தால் தடுமாறும், சூரியன் மறைந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான். 2018 செப்டம்பர் 6 நிலநடுக்கத்தில் ஹொக்கைடோ தீவு முழுக்க ஒரே நேரத்தில் இருண்டது. அப்போது கூரையில் பலகை வைத்திருந்த வீடுகள் அந்தச் சாக்கெட்டில்தான் சோறு வடித்தன, போன்களுக்குச் சார்ஜ் ஏற்றின. பக்கத்து வீட்டாரும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு சாக்கெட். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜையும் நான்கு போன்களையும் மிக்சியையும் காப்பாற்ற அது போதுமாக இருந்திருக்கும்.

இங்கேதான் நம் குளிர்காலப் புயலின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புயல் நாளில் சூரிய மின்சாரம் எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் பாதி சரியாகவே கேட்கிறார்கள். நம் பகுதியில் ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும், 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். வானம் கருங்கல்லாக இறுகிக் கிடக்கும் புயல் நாளில் அதில் பத்தில் ஒரு பங்கு வரும், மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு. அன்று சூரியனை நம்பிப் பயனில்லை. ஆனால் நம் பக்கத்துப் புயல் ஒரு நாள், ஒன்றரை நாளில் கடந்துவிடும். மின்வெட்டு அதோடு முடிவதில்லை. காவிரி டெல்டாவைக் கேளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கடந்துபோனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. கேரளத்திலிருந்தெல்லாம் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கி வேலை செய்தும், உள்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த வாரங்கள் நெடுகவும் மழையா பெய்தது? வெயில்தான் அடித்தது.

அதுவும் எப்பேர்ப்பட்ட வெயில்! மழையில் கழுவி எடுத்த பலகை, தூசியில்லாத காற்று, கார்த்திகைக் குளிர்ச்சி. சூடு ஏறினால் சிலிக்கான் பலகைக்குச் சோம்பல் வந்துவிடும். 25 டிகிரிக்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.35 சதவீதத்தையொட்டிக் குறையும். அக்னி நட்சத்திரத்தில் 65 டிகிரிக்குக் கொதிக்கும் பலகை தன் திறனில் ஏழில் ஒரு பங்கை அந்தச் சூட்டுக்கே தாரை வார்க்கிறது. புயல் ஓய்ந்த மறுநாள் காலை அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு மின்சாரம் மிகவும் தேவைப்படும் நாளில் பலகை நல்ல திறனோடு விழித்திருக்கிறது, அதன் வாயை மட்டும் நாம் கட்டி வைத்திருக்கிறோம்.

அரசுத் திட்டம் இதை ஏன் கவனிக்கவில்லை? 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்த ‘சூர்ய கர்’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய் மானியம். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்பது அதன் முழக்கம். முழுக்க முழுக்க மின்கட்டணத்தை மனதில் வைத்துச் செய்த கணக்கு இது. பில்லில் பூஜ்யம் வந்தால் திட்டம் வென்றது. மின்வெட்டு நாளில் வீட்டில் என்ன எரிந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. பேட்டரிக்கு இந்த மானியத்தில் பணம் கிடையாது. எனவே மானியத்துக்குள் முடித்துக்கொடுக்க நினைக்கும் நிறுவனங்கள், இருப்பதிலேயே எளிய இன்வெர்ட்டரை மாட்டிவிட்டுப் போகின்றன. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள்.

ஆந்திர அரசு இதில் வேகமாகவே இருக்கிறது. முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதியான குப்பத்தில், நடிமூர் என்ற கிராமத்தில் வீடுதோறும் சூரிய மின்சாரம் என்னும் திட்டத்தை 2025 ஜனவரியில் அவரே தொடங்கிவைத்தார். எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்குக் கூரை அமைப்பை இலவசமாகவே தருவதாகவும் மாநில அரசு அறிவித்திருக்கிறது. நல்ல காரியம், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஊர்க்கோடியில், ஃபீடரின் கடைசியில், எல்லாருக்கும் பின்னால் கரண்ட் திரும்பும் வீடுகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டுக் கூரையில் இரண்டு கிலோவாட் பலகையை இலவசமாக ஏற்றிவிட்டு, புயலடித்த ஐந்து நாளும் அங்கே மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் எரிவதைப் பார்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. அரசு கொடுக்கும் அமைப்பில் அவசரச் சாக்கெட்டோ, ஒரு யூனிட் கொள்ளும் சிறு பேட்டரியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதலில் கடற்கரை மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழையின் பாதையிலும் செய்யலாம். மின்வாரியத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. பகல் வெயிலைச் சேமித்து மாலை ஆறு முதல் பத்து வரை செலவழிக்கும் வீடு, அவர்கள் மிக அதிக விலைக்கு மின்சாரம் வாங்கும் நேரத்தில் அவர்களிடம் கை நீட்டாது.

சரி, அரசு செய்யும்போது செய்யட்டும். ஏற்கெனவே பலகை போட்டவர்கள் என்ன செய்வது?

அக்கா வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு மூலையில் பழைய வீட்டு யூ.பி.எஸ். இருந்தது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிவைத்த, 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியோடு கூடிய அதே யூ.பி.எஸ். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் என்றால் 1,800 வாட் ஹவர், ஏறக்குறைய இரண்டு யூனிட். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு எட்டுவது 900. என்னமோ போல் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் வீடு நடக்கும். 9 வாட் எல்.இ.டி. நான்கு, ஐந்து மணி நேரம்: 180. 30 வாட் பிடிக்கும் புதுவகை ஃபேன் இரண்டு, இரவு பத்து மணி நேரம்: 600. புயல் குளிரில் ஃபேன் எதற்கு என்று கேட்பவர் சூலூர்பேட்டைக் கொசுவைச் சந்தித்ததில்லை. இணைய ரூட்டருக்கும் போன்களுக்கும் மிச்சம் 120. முடிந்தது.

இந்தப் பேட்டரி கரண்டில் மட்டுமே சார்ஜ் ஏறுவதுதான் சிக்கல். முதல் இரவோடு காலி. எனவே மாடியில் ஏழாவதாக ஒரு 330 வாட் பலகை, ஒரு சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். இது தெருக்கம்பியோடு தொடர்பே இல்லாத தனிப்பாதை, ஆகவே மின்வாரியத்தோடு கொடுக்கல் வாங்கலை அளக்கும் நெட் மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. புயல் நாளில் இந்தப் பலகையால் பேட்டரியை நிரப்ப முடியாது. வெயில் வந்த முதல் நாளில் நிரப்பிவிடும். ஆறு பலகைகள் மின்கட்டணத்துக்கு, ஒன்று கார்த்திகைக்கு என்று மாமா கணக்குச் சொல்கிறார். புதிதாகப் போடுபவர்கள் இந்த ஒட்டுவேலைக்குப் பதில், கம்பியோடும் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டராகவே வாங்கிவிடலாம். பேட்டரியைக் கையில் காசு வரும்போது பிறகு சேர்த்துக்கொள்ளலாம், பேட்டரி கூட வேண்டாமென்றால் மின்வெட்டிலும் பகலில் இயங்குகிற வகையா என்று கேட்டு வாங்கலாம்.

எல்லாருக்கும் இது தேவையா? இல்லை. திருப்பதி நகரத்துக்குள், சப்ஸ்டேஷன் பக்கத்தில், சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பிவிடும் தெருவில், நோயாளி இல்லாத வீட்டில் வசிப்பவர் ஒரு நல்ல டார்ச்சும் இரண்டு பவர் பேங்கும் வாங்கி வைத்தால் போதும். மாறாக, இன்சுலின் வைத்திருக்கும் வீடு, நெபுலைசர் வேண்டிய குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் இருக்கும் முதியவர்கள் உள்ள வீடு யோசிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், விற்பனைப் பிரதிநிதிகள் சொல்ல மாட்டார்கள். ஆக்சிஜன் தயாரிக்கும் கருவியை நம்பியிருக்கும் நோயாளிக்கு வீட்டு பேட்டரி தீர்வாகாது. அது 300 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் இழுக்கும், ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட். அவரைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மருத்துவமனைப் பக்கம் அழைத்துப்போய்விடுவதுதான் வழி. அதுபோலத்தான் நகரி, ஏகாம்பரகுப்பம் விசைத்தறிக்காரர்களின் நிலையும். தறி மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்துக்குச் சின்ன பேட்டரி பதில் சொல்லாது. கரண்ட் இல்லாத நாள் அவர்களுக்குக் கூலி இல்லாத நாள். அதற்கு வீட்டு அளவில் விடை இல்லை, கூட்டுறவு அளவில்தான் தேட வேண்டும்.

பலகை போடுமுன் கவனிக்க வேண்டியவற்றில் பலரும் தவறவிடுவது நிழல். திருப்பதி 13.6 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்குமேல், நிழல் காலடியில். மார்கழியில் அதே உச்சிச் சூரியன் தென்வானில் 53 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. பத்தடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நடுப்பகலிலேயே ஏழடிக்கு மேல் வடக்கே நீளும். சித்திரை மாதம் வந்து மாடியை அளக்கும் பொறியாளர் கண்ணுக்கு அந்த நிழல் தெரியவே தெரியாது. தொட்டிக்கு வடக்கே பலகைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போவார். கார்த்திகையில் ஒரு பலகையின் மூலையில் விழும் நிழல் வரிசை முழுவதையும் கீழே இழுக்கும். தெற்கே பக்கத்து வீட்டுத் தென்னை இருந்தாலும் இதே கதை.

அடுத்தது காற்று. மாடியில் துணி உலர்த்த இடம் வேண்டுமென்று எட்டடி, பத்தடி உயரத்தில் பந்தல்போல் பலகை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கீழிருந்து புகும் காற்றுக்கு அது பாய்மரம். பில்லரோடு பிணைத்துக் காங்கிரீட் போட்டிருக்கிறார்களா, அல்லது மாடித் தளத்தில் நாலு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடுக்கிய போல்ட்டும் ஓராண்டில் தளரும். புரட்டாசியில் பெருமாளுக்குத் தளிகை போடும் வாரத்தில் ஒரு நாள் ஆள் வைத்து இறுக்கிவிடுவது நல்லது, ஐப்பசி பிறந்தால் மாடி ஏற விடாது. இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே வைக்கும் பழக்கத்தை 2015 சென்னையும் 2021 திருப்பதியும் நமக்கு மறக்கடித்திருக்க வேண்டும். இடுப்பளவு வெள்ளத்தில் நனைந்த இன்வெர்ட்டரைத் துடைத்து ஆன் செய்யக் கூடாது. ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும், பகலில் பலகையிலிருந்து இறங்கும் ஒயரில் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் காத்திருக்கிறது. அறுந்து தொங்கினால் கிட்டே போகாதீர்கள்.

வீடுகளைத் தாண்டியும் ஒரு யோசனை உண்டு. கரிபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தாக்கியபோது கடைசி வீட்டுக்கு மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட பதினொரு மாதம் ஆனது. அதுந்தாஸ் என்ற மலையூரில் ‘காசா புவேப்லோ’ என்ற சமூக மையம் 1999 முதலே சூரிய மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்குப்பின் அந்த ஒரு கட்டடத்தில் விளக்கு எரிந்தது. ஊர் மக்கள் மருத்துவக் கருவிகளையும் போன்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2 முதல் கிராம சச்சிவாலயங்கள், அதாவது ஊர்ச் செயலகங்கள், இருக்கின்றன. கட்டியவர் வேறு கட்சி, இப்போது ஆள்பவர் வேறு கட்சி என்பதை ஒதுக்கிவிட்டு யோசித்தால், கட்டடமும் ஊழியர்களும் கூரையும் தயாராக உள்ள இடம் அது. அங்கே ஐந்து கிலோவாட் பலகையும் ஒரு இரவு தாங்கும் பேட்டரியும் வைத்தால், வீட்டுக்கு வீடு பேட்டரி கொடுக்கும் செலவில் சிறு பகுதியில் ஊருக்கே ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

சூரியனை நம்பு, மேகத்துக்கும் ஒரு வழி வைத்துக்கொள் என்ற புத்தி இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. திருமலை அன்னதானச் சமையலுக்காக 2002இல் 106 குழியாடிகளைக் கூரையில் நிறுத்தி, வெயிலைக் குவித்து நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி எடுக்கும் ஏற்பாடு செய்தது தேவஸ்தானம். 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு. அதை நிறுவியபோதே ஏற்கெனவே இருந்த டீசல் கொதிகலனோடு சேர்த்துத்தான் பொருத்தினார்கள். மலைமேல் மேகம் கவிந்தாலும் பக்தர் இலைமுன் காத்திருக்கக் கூடாதல்லவா!

கூரையில் பலகை போட இந்த ஆண்டு முன்பணம் கட்டியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாம் பொருத்தி முடித்து, கடைசித் தவணைக்காக அந்த நிறுவனத்து ஆள் வீட்டுக்கு வரும்போது, நல்ல வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு மெயினை இறக்கச் சொல்லுங்கள். வீட்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.